பங்கு போட்ட மாத்திரை

"எந் தம்பிக்கு வச்சிருந்த மாத்திரைய எடுத்து நீ மவளுக்கு—"

"குடுத்தேன் மதினி. இல்லன்னு சொல்லல. பிள்ள காச்சல்ல கெடந்து—"

"—அவனுக்கு இல்லாம ஆக்கிட்டியேட்டி."

"ஒரு நாளும் அவுகளுக்குத் தப்பல. நாந்தான் வாயில போட்டேன். என்னையப் பேச விடுங்க."

தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் சொக்கம்மாளும் அவள் தம்பி பெண்டாட்டி வடிவம்மாளும் நின்றார்கள். உள்ளே அந்தத் தம்பி குற்றாலிங்கம் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். ஆக்சிஜன் வைத்தும் உதட்டில் நீலம் மாறவில்லை. குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். கை நடுக்கம் வந்த பிறகு அந்த மாத்திரையால்தான் தொழில் செய்ய முடிந்தது. எண்பத்தொன்பதாம் வருஷச் சாரலில் கூட்டத்தோடு காய்ச்சலும் வந்து, மகள் குழல்வாய்மொழி முதலில் படுத்தாள்.

"டாக்டரே சொன்னாவல்லா, இது மொதல்ல ஃப்ளூ காச்சலுக்கு வந்த மாத்திரை, பொறவுதான் நடுக்கத்துக்கும் ஆச்சு, திங்கிறவனுக்கு அது அண்டாதுன்னு. அதான் மவளுக்கும் குடுத்தோம். நெத்தியில ஈரத்துணி போட்டது, கஞ்சி ஊட்டினது எல்லாம் அவுகதான். 'எனக்கு ஒண்ணும் வராதுட்டி, நீ தள்ளிப் போ'ன்னு என்னைய வெரட்டிட்டாவ."

"அவன் எப்பவும் அப்படித்தான. பெரிய சூரன்."

டாக்டர் முத்துக்குமாரசாமி வெளியே வந்தார். சொக்கம்மாள் பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறும்போதே வாங்கி வைத்திருந்த அதே மாத்திரை அட்டையை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"சார், இதக் கூடுதலாப் போட்டா கேக்காதா?"

அவர் அட்டையை வாங்கவில்லை.

"தினம் போட்டும்தானேம்மா வந்திருக்கு. பொண்ணு இதச் சாப்பிட்டப்ப, அவ உடம்புல இருந்த கிருமி பெரும்பாலும் ஒழிஞ்சிருக்கும். மாத்திரைக்கு மசியாத கொஞ்சம் மட்டும் தப்பிப் பெருகியிருக்கு. பக்கத்துலயே இருந்த இவருக்கு அதுதான் தொத்தியிருக்கணும். சோதிச்சுப் பார்க்க இங்க வசதியில்ல. ஆனா எனக்கு அப்படித்தான் படுது."

"நீங்கதான சார் சொன்னிய, அண்டாதுன்னு?"

"சொன்னேன். வீட்டுல பங்கு வைப்பீங்கன்னு நினைக்கல."

வடிவம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "மவளுக்குக் குடுக்காம இருந்திருந்தா, சார்?"

"இளம்பிள்ள. தானாவே தேறியிருப்பா."

"வேற மருந்து?"

"இந்தக் கிருமிக்கு வேற இல்லம்மா. நெஞ்சுச் சளிக்கு ஊசி போட்டுப் பார்க்கோம். சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விட்டுருங்க."

அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். சொக்கம்மாள் அட்டையைத் திரும்ப மடியில் செருகினாள். இனி யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டாமல் நிற்கவும் பழக்கமில்லை.

"ஏட்டி வடிவு, சோறு தின்னியா?"

"எறங்கல."

கேட் பக்கம் குழல்வாய்மொழி வந்துகொண்டிருந்தாள். தலை முழுகி, ஈரமுடியை நுனியில் முடிந்திருந்தாள். கையில் அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கு. முகத்தில் காய்ச்சல் தெளிந்த பளபளப்பு. காவல்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

வடிவம்மாள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"அப்பாவுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பா, மதினி. என்ன சொல்ல?"