நான்கு நாள் ஓடிய படம்

அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பத்து வயதில் ஒரு படத்தில் நடித்திருக்கிறாள் என்பது உடன் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு சிறுமிகள், ஒரு கோடை விடுமுறை, தொலைந்துபோன ஓர் ஆமை. அவ்வளவுதான் படம். பாட்டு கிடையாது, தெரிந்த முகம் கிடையாது. நான்கே நாளில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பள்ளியில் மாதக்கணக்கில் அவளைக் கேலி செய்து ஓட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

போன வருடம் அம்மா இறந்துபோனாள். சில மாதங்களில் அவளை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் முகம் புகைப்படங்களில் இருந்தது. குரல் எதிலும் இல்லை. செல்போனை நீட்டினாலே வாயை மூடிக்கொள்கிறவள் அம்மா.

"அம்மா எப்படிக் கூப்பிடுவாங்கன்னு மறந்துகிட்டே வருதுப்பா" என்றாள் ஒருநாள்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "உன் படத்துல ஒரு இடத்துல அவ பேசியிருக்காளே. நான் வெளியூர் வேலையை முடிச்சுட்டு வர்றதுக்குள்ள படத்தையே தூக்கிட்டாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தையாக நடிக்க வேண்டியவர் ஒருநாள் வராமல் போனதும், துணைக்கு வந்திருந்த அம்மாவை இயக்குநர் கெஞ்சிக் கூத்தாடி நடிக்க வைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

இணையத்தில் படம் எங்குமே இல்லை. விசாரித்ததில், இயக்குநர் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது. விடுமுறை நாளில் மதியமே கிளம்பிப் போனாள். நரைத்த தாடியோடு அவர் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆமையைத் தேடுற பொண்ணா நடிச்சேனே..."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அடேயப்பா! ஆமை வேகத்துலதான் வந்திருக்கே. இருபத்தாறு வருஷம்!"

அவரிடம் ஒரு பிரதி இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லையாம். கடைக் கணினியில் அந்தக் காட்சியைத் தேடிப் போட்டார். பிரிண்ட் எடுக்க வந்த மாணவனிடம், "பத்து நிமிஷம் பொறுப்பா" என்று சொல்லி, சத்தம் போட்ட மெஷினையும் நிறுத்தினார்.

திரையில் அம்மா பாதி முகம் காட்டி, சீப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"தலையை ஆட்டாதேடி, வாண்டு! இது தலையா, குருவிக் கூடா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று முறை போட்டுக் கேட்டாள்.

"வாண்டுன்னு என்னை வீட்டுல மட்டுந்தான் கூப்பிடுவாங்க. படத்துல எனக்கு வேற பேராச்சே. ஏன் சார் வெட்டாம விட்டீங்க?"

"எடிட்டர் வெட்டத்தான் சொன்னார். ஆனா உங்கம்மா பேசினதைக் கேட்டப்புறம் நான் எழுதின வசனம் கட்டை மாதிரி இருந்துச்சு. அதான், சண்டை போட்டு வெச்சுக்கிட்டேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் படத்துக்கு வாங்கின திட்டெல்லாம் வரிசையா ஞாபகம் இருக்கு. நன்றின்னு யாரும் சொன்னதில்லைம்மா. இப்ப என்ன பண்றதுன்னே தெரியல. டீ குடிக்கிறியா?"

இயக்குநர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த படத்தை அன்று மாலை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். நேராக அந்தக் காட்சிக்கே போகலாம் என்றதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முதலிலிருந்து பார்த்தார். அம்மாவின் குரல் வந்ததும் இருக்கையின் நுனிக்கு வந்தார். அது முடிந்தும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை பார்த்துவிட்டு, இயக்குநரின் எண்ணைக் கேட்டு வாங்கினார்.

"வாண்டோட அப்பா பேசறேங்க" என்றார் போனில். "எங்க வீட்டுக்காரி பேசினதைக் கேட்டேன். நீங்க நல்லா இருக்கணும். ஆனா நான் கூப்பிட்டது அதுக்கு மட்டும் இல்லைங்க. படம் நல்லா இருக்கு. அந்த ரெண்டு பிள்ளைங்களும் மழையில சண்டை போட்டுக்கிட்டுப் பேசாம நடந்து போவாங்களே, அந்த இடத்துல எனக்கு நெஞ்சை அடைச்சிருச்சு."

"அந்த இடமா சார்? அதை எடுக்க மூணு நாள் மழைக்குக் காத்திருந்தோம்" என்று ஆரம்பித்தார் இயக்குநர். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்.