ஐலாவும் விட்டிருந்தாள்

தவுனோ குடியை விட்டது அந்தத் துறைமுக ஊருக்கே தெரியும். குடித்ததும் ஊருக்கே தெரிந்த விஷயம்தானே. இரண்டு முறை படகுத்துறையில் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறான். சொந்தக்காரர் கல்யாணத்தில் கேக்கின் மேலேயே சரிந்திருக்கிறான். இப்போது கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கும் பெண்கூட, "முகத்துல என்ன ஒரு களை, தவுனோ!" என்கிறாள்.

அவன் மனைவி ஐலா குடித்தது யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்ததும் காப்பிக் கோப்பையில் வெள்ளை ஒயினை ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். கோப்பை காலியாகும், நிறையும், மறுபடி காலியாகும். தவுனோ தள்ளாடி வரும்போது வாசலில் நின்று திட்டுவதற்கு மட்டும் நாக்குக் குழறாமல் பார்த்துக்கொள்வாள். அவன் தன் புட்டிகளைத் தொட்டியில் கவிழ்த்த அன்று, அவளும் துணி அலமாரிக்குள் இருந்ததை எடுத்துப்போய்க் குளியலறையில் கவிழ்த்தாள். அவனிடம் சொல்லவில்லை. வெட்கம்.

அதன் பிறகுதான் வந்தது அந்தச் சோர்வு. எலும்புக்குள் ஈர மணலைக் கொட்டி வைத்ததுபோல. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் காலுறை மாட்டுவதற்குள் மறுபடி படுக்கத் தோன்றும். தவுனோவோ விடியுமுன்பே எழுந்து சவுனா என்ற நீராவிக் குளியல் அறைக்கு விறகு பிளந்தான், சீட்டியடித்தான், கூரை ஒழுகலை அடைத்தான். வெளியே கோடரி விழும் ஒவ்வொரு முறையும் போர்வைக்குள் ஐலாவுக்கு வயிறு எரிந்தது. ஒரே நாளில்தானே இருவரும் விட்டோம்? அவனுக்கு மட்டும் இருபது வயசு குறைந்துவிட்டது, எனக்கு மட்டும் ஏறிவிட்டதா?

"இன்னுமா தூங்கற?" என்று அவன் எட்டிப் பார்ப்பான். அந்த 'இன்னுமா'வுக்காகவே அவனைக் கடித்துக் குதறலாம்போல இருக்கும்.

ஒரு ஞாயிறு மதியம் தவுனோவின் அக்கா ஹெல்லெவி அவர்களைக் காப்பிக்கு அழைத்திருந்தாள். ஏலக்காய் மணக்கும் பன்களை அடுக்கி வைத்து, முதல் பன்னைத் தம்பியின் தட்டில் வைத்தாள்.

"நம்ம அம்மா இருந்திருந்தா இன்னிக்கு உன்னைப் பார்த்து அழுதிருப்பா, தவுனோ. எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்க!"

"அட, விடு அக்கா" என்றான் அவன். ஆனால் விடுகிற முகம் இல்லை அது.

ஹெல்லெவி ஐலாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏம்மா இப்படி வாடிக் கிடக்க? அதான் அவன் திருந்திட்டானே. நீயும் கொஞ்சம் சுறுசுறுப்பா அவனுக்குத் துணையா இருக்கலாம்ல?"

ஐலா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும்தான் விட்டேன் அண்ணி."

"எதை?"

"குடியை. அவன் விட்ட அதே நாள்."

ஹெல்லெவி சிரித்தாள். "நல்லா தமாஷ் பண்ற. நீ என்னிக்குக் குடிச்ச?"

"தினமும். அவன் பாட்டுப் பாடிக் குடிச்சான், நான் சத்தமில்லாம குடிச்சேன். அதனால அவனுக்குப் பன்னு, எனக்குப் புத்திமதி."

தவுனோ சிரிக்கவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவு மூடியது. நேராக மதுக்கடைக்குத்தான் போகிறான், நான்தான் அனுப்பிவிட்டேன் என்று ஐலா நினைத்தாள். பின்னால் ஓட வேண்டும். எழுந்தாள், அந்தச் சோர்வு மறுபடி இழுத்து உட்கார வைத்தது. சோபாவில் சாய்ந்தவள் அழுதபடியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது ஜன்னலில் இருட்டு இறங்கியிருந்தது. ஹெல்லெவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்; தவுனோ எதிரில் உட்கார்ந்திருந்தான். அவள் முதலில் மூச்சை இழுத்து மோந்தாள். குளிர்காற்று வாசனை மட்டும்தான்.

"மோந்து பார்க்காதே" என்றான். "இத்தனை வருஷம் வாசல்ல நின்னு போலீஸ் மாதிரி என் வாயை மோந்தியே. அப்போ உன் வாயில என்ன இருந்துச்சு?"

"வெள்ளை ஒயின்."

"குடிகாரப் பயலே, குடும்பத்தைக் கெடுத்தவனேன்னு என்னென்ன பேசின!"

"பேசினேன். தப்புதான். அதோட, நீ விறகு வெட்டும்போதெல்லாம் பொறாமையில அந்தக் கட்டை உன் கால்ல விழாதான்னு கிடந்தேனே, அது தெரியுமா?"

அவனுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவளுடைய கோட்டை எடுத்து வந்து, கை நுழைக்கப் பிடித்துக்கொண்டான்.

"செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு நீயும் வா."

குடியை விட்டவர்கள் கூடும் அந்த அறை சூடாக இருந்தது. தன் பெயரையும் கதையையும் சொல்லி முடித்ததுமே ஐலாவுக்குக் கண் சொக்கியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பேருந்து ஓட்டும் பெண் அவள் தோளில் சால்வையைப் போர்த்தினாள்.

"தூங்கு, தூங்கு. நான் வசந்தம் வர்ற வரைக்கும் இப்படித்தான் கிடந்தேன். உடம்பு உள்ளுக்குள்ள வேலை பார்க்குது. நல்லா சாப்பிடு. மதியம் வெளிச்சம் இருக்கறப்போ கொஞ்சம் நட. வேற எதையும் இப்போ சாதிக்க வேண்டாம்."

"அவனுக்கு மட்டும் ஏன் இப்படி இல்ல?" என்று ஐலா தவுனோவைக் காட்டினாள்.

"அவன் உடம்பு வேற, உன்னோடது வேற. பந்தயமா வச்சிருக்கீங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டாள். காப்பி நேரத்தில் எல்லாரும் அவளைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். யாருக்கும் தெரியாமல் குடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமலே விட்டாளாமே! எப்படி முடிந்தது என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தவுனோ சுவரோரம் தனியாக நின்று, பிஸ்கட்டை ஒடித்து ஒடித்துக் கீழே உதிர்த்துக்கொண்டிருந்தான். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

ஐலா அதைப் பார்த்தாள். உடம்பு அசதியில் விழுந்துவிடும்போல இருந்தும், இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசினாள்.