மானாப்புல்லுக்குள் ஒரு சாமி

உடப்புசல்லாவையில் தேயிலை மலையோரம், ஆளுயர மானாப்புல்லுக்குள் பெண்மயில் ஒன்று தரையில் முட்டையிட்டு அடைகாத்தது. மறுநாள் அந்தப் புல்லை வெட்டப்போவதாகக் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி சொன்னார். கொழுந்து பறிக்கும் தவமணி அசரவில்லை. மயிலுக்காகக் கெஞ்சினால் மனுசன் சிரிப்பார் என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலையே முட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லை நட்டு, குங்குமம் அப்பி, சிவப்புத் துணி கட்டிவிட்டாள். வெட்ட வந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டுப் போனார்கள்.

குஞ்சுகள் தாயோடு கிளம்பிப் போனபிறகு, கல்லைப் பிடுங்கப் போனாள். அங்கே கங்காணியே சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"சாமிய அசைக்காத தவமணி! இனி எந்த வருசமும் இங்க எவனும் புல்லு வெட்டக் கூடாது."

"சரிங்க கங்காணி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.