ராஜாம்பாள் வீட்டு மாடியில் பொங்கிய பால்

அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கிக்கொண்டேயிருந்தது. இசைப்பிரியா போர்வை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசற்படியில் போட்டு அணை கட்டினாள். பால் அதன்மேல் ஏறி மாடிப்படியில் இறங்கியது. படி முடிகிற இடத்தில் வீட்டுக்கார அம்மா ராஜாம்பாளின் கதவு.

வடக்குத்து ஊரில் இந்த மாடியைப் பிடிப்பதற்குள் அவர்கள் ஏறி இறங்காத வீடில்லை. போன இடத்திலெல்லாம் முதலில் சொந்த ஊரைக் கேட்பார்கள், அப்புறம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அப்பா வளவன் பதில் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தங்கச்சி மகன் குடிவரப் போவது ஞாபகம் வரும். ராஜாம்பாள் மட்டும் தெருவைக் கேட்கவில்லை. தண்ணீரை வீணாக்குவீர்களா என்று கேட்டார், இல்லை என்றதும் சாவியைக் கொடுத்தார். அவர் கேட்க மறந்துவிட்டார், ஞாபகம் வருகிற அன்றைக்கு இந்த வீடும் போய்விடும் என்பதுதான் இசைப்பிரியாவின் பயம்.

அந்தப் பயம் அம்மா தனகோட்டிக்கும் இருந்தது. தவறு அங்கேதான் நடந்தது. குடிவரும் நாளில் காய்ச்சுகிற பாலில் முதல் டம்ளர் வீட்டுக்காரருக்கு. தனகோட்டியோ கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரையும் கூப்பிடாமல் காய்ச்சினாள். கூப்பிட்டு, வந்தவர் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது?

நைட் ஷிஃப்ட் முடிந்து வளவன் வந்தான். நிலக்கரி மைன்ஸில் அவன் பம்ப் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள். பூமிக்கடியிலிருந்து பொங்குகிற தண்ணீரை அடக்கி வைப்பதுதான் அவன் வேலை. சிலிண்டரைக் கழற்றினான். பாத்திரத்தைத் தரையில் இறக்கினான். மூடி போட்டு, மேலே அம்மிக் குழவியை வைத்தான். குழவி நுரையில் ஏறி உட்கார்ந்து, மெல்ல ஆடியது.

"தண்ணின்னா எறைச்சிடலாம். இது பாலும்மா" என்று சொல்லி அவனும் உட்கார்ந்துவிட்டான்.

பால் தெருவுக்கு வந்ததும் ஜனம் பாத்திரத்தோடு வந்தது. டீக்கடை சிலம்பரசன் டிரம் வைத்தார். ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நின்றவர்கள் டிபன்பாக்ஸ் மூடியில் மொண்டு குடித்தார்கள். மிச்சம் மைன்ஸ் தண்ணீர் போய்ச் சேருகிற ஏரியில் கலந்தது. அங்கே கொக்கு எங்கே நிற்கிறது என்று பொழுது சாயும்வரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. வடலூரில் பால் விலை அன்றைக்கு இறங்கி, மறுநாள் பழைய விலைக்கே வந்தது.

ராஜாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி வந்தார். அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று இசைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கீழ் வூட்ல ஒருத்தி இருக்கறாளே, கூப்புடுவோம்னு தோணலியா?"

"தூங்கிக்கினு இருப்பீங்கன்னு நெனச்சங்க" என்றாள் தனகோட்டி.

"என் கட்டிலு பால்ல மெதந்துகினு இருக்குது. அதுல எங்கடி தூங்கறது?"

வளவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ராஜாம்பாள் தானே ஒரு டம்ளரைத் தேடி எடுத்தார், தானே மொண்டார், ஈரத்தரையில் உட்கார்ந்து, உதடு வைத்துக் குடித்தார். சக்கரை பத்தவில்லை என்றார். டம்ளரை அவர் கீழே வைத்தபோது அது காலியாக இருந்தது. பால் பாத்திரத்துக்குள் அடங்கியிருந்தது. பிறகு நாலு பேருமாகச் சேர்ந்து படியைக் கழுவினார்கள். வழுக்கி விழுந்தவர்களில் ராஜாம்பாளும் உண்டு.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பாத்திரத்தில் ஊற்றியதைவிட ஒரு டம்ளர் பால் கூடுதலாகப் பொங்குகிறது. அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை. இசைப்பிரியா சக்கரையைத் தாராளமாகப் போட்டுக் கீழே கொண்டுபோகிறாள். ராஜாம்பாள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். அவர் பரீட்சையைப் பற்றிக் கேட்கிறார், தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்கிறார். எந்தத் தெரு என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

மறந்தேதான் போனாரா, இல்லை, முதல்நாளே தெரிந்துதான் சாவியைக் கொடுத்தாரா?