கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கவில்லை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் என்றாலும் பரளச்சிக் கண்மாய் இந்த வருஷமும் நிறையாமல் போகட்டும்.

பருத்தி வெள்ளாமைக்காரர் ரங்கராஜ் ஒரு சித்திரை மாதக் காலையில் செத்துப்போனார். ஒரே மகன் சக்திகுமார், அருப்புக்கோட்டையில் எம்.எஸ்ஸி. படிக்கிறான், ஒரு நடிகருக்கு ரசிகர் பக்கம் நடத்துகிறான். நடிகரின் பெயர் வேண்டாம், சொன்னால் என் கூரையில் ஓடு மிஞ்சாது. தூக்கத்திலும் பையனின் கட்டைவிரல் எதையாவது மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் தூங்கியவன், பக்கத்து ஆளின் வழுக்கைத் தலையை எம்.ரெட்டியபட்டி முதல் திருச்சுழி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அந்த ஆள் நிமிரவே இல்லை. அவர் கையிலும் போன்.

ரங்கராஜின் மனைவி வெங்கடலட்சுமிக்கு ஒரே கவலைதான். தெருமுனையில் மகனின் கையைப் பிடித்தாள்.

"கொள்ளி வச்சிட்டுத் திரும்பிப் பாத்துராத சக்தி. பாத்தா அப்பா கெளம்பமாட்டாக."

"பாக்கமாட்டேம்மா."

சுடுகாட்டில் குடம் சுமந்து மூன்று சுற்று வந்தான், போட்டு உடைத்தான். போனைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"சித்தப்பா, லைவ்ல டவர் போயிருச்சு. இன்னொரு கொடம் கெடைக்குமா?"

"ஏலே, இது என்ன கல்யாண வீடா, மறுபடி மாலை மாத்தச் சொல்ல?"

ஆனாலும் குடம் வந்தது. ஐந்தாவது குடத்தில்தான் டவரும் வந்தது. முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்தான், நடந்தான். போன் மட்டும் முகத்துக்கு நேரே இருந்தது.

"பாக்காதடா!" என்று சித்தப்பா கத்தினார்.

"நான் எங்க திரும்புனேன்? செல்ஃபி கேமராவுலதான பாக்கேன்!"

திரையின் ஓரத்தில் அப்பன் எரிந்துகொண்டிருந்தார். அவன் பார்த்தது அவரை அல்ல. தன் தலைமுடி கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தான்.

வீட்டு வாசலில் வெங்கடலட்சுமி கேட்டாள்: "திரும்பிப் பாக்கலயே?"

"இல்லம்மா."

அப்போது போன் சிணுங்கியது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து தேம்பினான். அவள் அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"அழுதுரு ராசா. அப்பா நல்லபடியாப் போயிட்டாக."

"அவரு ஹார்ட் போட்ருக்காரும்மா! நாலு வருஷமா நானும் கமெண்ட் போடுறேன், இன்னைக்குத்தாம்மா..."

வெங்கடலட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். இப்போதும் அவனுக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

எரிந்துபோன அந்த ரங்கராஜ் நான்தான்.