இரண்டு போனிலும் ஒரே வியாழன்

மணிமொழியின் விரல்கள் உடைந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நல்லவள் வேஷம் போடுகிற மாதிரி இருக்கும்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் செல்போன் சர்வீஸ், ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று மூன்றும் சேர்ந்த கடை என்னுடையது. போர்டில் மலர்கொடி மொபைல்ஸ் என்று என் பெயரே இருக்கும். பத்து வருடமாக ஊர்க்காரர்களின் போனைத் திறந்து பார்த்தவள் நான். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை குமரவேல் வந்தான். சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன். ஒர்க்‌ஷாப்பில் பெர்மனன்ட் பிட்டர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல், நெற்றியில் விபூதியோடு இரண்டு போனை மேஜையில் வைத்தான். ஒன்று அவனுடைய ஐபோன். இன்னொன்று கீறல் விழுந்த சாதாரண போன், மனைவியுடையது.

"தங்கச்சி, என் ஷிஃப்ட்டு இவ போன்லயும் தெரியணும். நான் எப்ப போறேன், எப்ப வர்றேன்னு பாத்துக்கினு சோறாக்கட்டும்."

மற்ற வீடுகளில் ஷிஃப்ட் சார்ட்டைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பார்கள். இந்த மனுஷன் பெண்டாட்டிக்காகக் கடை வரைக்கும் வந்திருக்கிறானே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"புதுசா எந்த ஆப்பும் வேணாம் சார். ரெண்டு போன்லயும் காலண்டர் இருக்கு. சேத்து வுட்டா போதும்" என்றேன்.

சரியான வழி ஒன்று உண்டு. அவனுடைய ஷிஃப்ட்டுக்கு மட்டும் தனிக் காலண்டர் போட்டு, அதை மட்டும் அவளுக்குப் பகிர வேண்டும். கால் மணி நேரம் ஆகும். சுலபமான வழியும் உண்டு. அவளுடைய கூகுள் கணக்கை அப்படியே அவன் போனில் ஏற்றி, காலண்டர் என்கிற சுவிட்சைத் தள்ளிவிட்டால் முடிந்தது. ஜெராக்ஸுக்கு நாலு பேர் நின்றார்கள். நான் சுலபமான வழியில் போனேன். அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டேன். யோசிக்காமல், ஒரு எழுத்து தப்பாமல் அவனே சொன்னான். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இனிமே நீங்க எது எழுதினாலும் அவங்க போன்ல போய் உக்காந்துக்கும் சார். அவங்க எழுதுறதும் உங்களுக்கு வரும்."

"வரட்டுமே."

"அவங்க என்னத்த எழுதப் போறாங்க? கேஸ் புக் பண்ற தேதிதான்" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

பத்து நாள் கழித்து மணிமொழி வந்தாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. நுனியில் தெரிந்த விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. கீறல் விழுந்த அதே போனை இடது கையால் நீட்டினாள்.

"அக்கா, இதுல ஏதாவது வெச்சிருக்காரான்னு பாருங்க. நான் போற எடமெல்லாம் அவருக்கு எப்பிடி தெரியுதுன்னு புரியல."

நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். போன வருடம் அவள் தலையைச் சுவரில் மோதியிருக்கிறான், மூன்று தடவை. மூன்றாவது தடவைக்கு அப்புறம் எதுவும் மனதில் நிற்பதில்லை. அடுப்பில் பால் வைத்தால் மறந்துவிடும், நேற்று யார் வந்தார்கள் என்பது மறந்துவிடும். எதையும் போனில் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அன்றிலிருந்து காலண்டர்தான் அவளுடைய மூளை. போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, சேத்தியாத்தோப்பில் வக்கீல் ஆதிலட்சுமியைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறாள்.

"காலையில டிபன் கேரியர எடுத்துக்கினு வேலைக்குத்தான் கெளம்பினாரு. நான் பஸ்ஸ வுட்டு எறங்குறேன், எதுக்கால டீக்கடையில உக்காந்துக்கினு இருக்காரு. ஒண்ணும் பேசல. வண்டியில ஏத்தி வூட்டுக்கு இட்டாந்தாரு. அம்மிக்கல்லு மேல கைய வெக்கச் சொன்னாரு. எந்த வெரல்ல எழுதுனேன்னு கேட்டாரு. நான் சொல்லல. அதனால நாலையும் கொழவியால..."

அவள் போனில் வேவு பார்க்கிற எதுவும் இல்லை என்பது எனக்குத் திறக்காமலே தெரியும்.

"அது வந்து... நான்தாம்மா வெச்சேன்" என்றேன். சேர்த்துவிட்டதை எல்லாம் சொன்னேன், கேஸ் புக்கிங் என்று சிரித்ததையும் சொன்னேன்.

எழுந்து வந்து இடது கையால் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். காது அடைத்துப் போயிற்று. வாங்கிக்கொண்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இப்பவே எடுத்துடுறேன். பாஸ்வேர்ட மாத்தினா அவனுக்கு ஒண்ணும் போவாது" என்று போனை எடுத்தேன்.

"எடுக்காதீங்க" என்றாள் மணிமொழி. "எடுத்தா அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நான் உசுரோட இருக்க மாட்டேன்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டைவிட்டுப் போக வேண்டும். ஆனால் டீச்சர் டிரெயினிங் சர்டிபிகேட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் பீரோவில் இருந்தன. அதன் சாவி அவன் அரைஞாண் கயிற்றில். அவை இல்லாமல் வேலையும் கிடையாது, கேஸும் கிடையாது. ஒர்க்‌ஷாப் வீட்டிலிருந்து பத்து நிமிடம். எதிர் குவார்ட்டர்ஸ் விஜயலட்சுமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். மணிமொழி ஒரு பையோடு படியிறங்கினால் அவனுக்குப் போன் போய்விடும்.

நான் காலண்டரைப் புரட்டினேன். போன வியாழன் கட்டத்தில் அவளுடைய வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'செகண்ட் ஷிஃப்ட், வைத்தி மியூச்சுவல்.' இங்கே ஒருவர் ஷிஃப்ட்டை இன்னொருவர் பார்ப்பதற்கு மியூச்சுவல் என்று பெயர். இருவரும் கையெழுத்துப் போட்டு ஃபோர்மேனிடம் சீட்டுக் கொடுத்தால் போதும். கூட வேலை செய்கிற வைத்திலிங்கத்தின் தலையில் தன் முதல் ஷிஃப்ட்டைக் கட்டிவிட்டுத்தான் இவளைப் பிடிக்கப் போயிருக்கிறான். பதிலுக்கு அன்றைக்கே அவனுடைய செகண்ட் ஷிஃப்ட்டைப் பார்க்க வேண்டும் என்பதால் மறக்காமல் குறித்தும் வைத்திருக்கிறான். அது இவளுக்கும் வரும் என்பதை அந்த மகா புத்திசாலி யோசிக்கவில்லை.

வாசலிலேயே மடக்காமல், போகவிட்டுப் பிடிப்பதில்தான் அவனுக்கு ருசி. எனக்கு அது பிடிபட்டது.

"வர்ற வியாழன், பதினோரு மணி, சேத்தியாத்தோப்பு, வக்கீல்னு எழுது" என்றேன். "அவன் அங்க போய் உக்காரட்டும். அங்கருந்து திரும்ப ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள நாம பீரோவ ஒடச்சிட்டு கடலூர் பஸ் ஏறிடலாம்."

இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அவளே எழுதினாள். மறுநாள் மாலை, ஆஸ்பத்திரியில் கட்டைக் காட்ட வந்தவள் கடைக்குள் நுழைந்து போனைக் காட்டினாள். வியாழன் கட்டத்தில் முதல் ஷிஃப்ட் போய்விட்டிருந்தது. 'செகண்ட் ஷிஃப்ட், வைத்தி மியூச்சுவல்.' இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"நான் வர்றத மட்டும் இதுல எழுதிடாத" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

வியாழன் பத்து மணிக்குப் பெரிய ஸ்க்ரூடிரைவரை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனேன். அவன் ஒன்பதரைக்கே பைக்கில் கிளம்பிவிட்டிருந்தான். விஜயலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று உள்ளே போனேன். பழைய இரும்பு பீரோ, லேசில் அசையவில்லை. அரை மணி நேரம் நெம்பியதில் பூட்டு தெறித்தது. மணிமொழி பைலை எடுத்துப் பையில் போட்டாள். மணி பார்க்க அவள் போனைத் தொட்டேன்.

வியாழன் கட்டத்தில், சேத்தியாத்தோப்புக்கு மேலே புது வரி. 'பத்து மணி. மலர் அக்கா வூட்டுக்கு வருவாங்க. பீரோ ஒடைக்கணும். மறக்கக் கூடாது.'

"இத எப்ப எழுதின?"

மணிமொழி குனிந்து பார்த்தாள். "நானா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தலையைச் சுவரில் மோதியவன்மேல்தான் வந்தது.

வெளியே பைக் நின்றது. பாதி வழியில் அவன் போன் அவனுக்கு நினைவூட்டியிருக்கிறது.

ஓட இடமில்லை. உள்ளே வந்து கதவைத் தாழிட்டான். அவசரமே இல்லை அவனிடம். "செல்போன்காரி, நல்லாத்தான் சேத்து வுட்ட" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை என் முகத்தில் வீசி அடித்தான். வாயில் ரத்தம் நிறைந்தது. துப்பினேன், பல்லும் சேர்ந்து விழுந்தது. மணிமொழியின் முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, மாவுக்கட்டின் மேல் காலை வைத்து ஏறி நின்றான். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஸ்க்ரூடிரைவரை அவன் தொடையில் இறக்கினேன். பயந்துகொண்டு இல்லை, ஆசையோடுதான் இறக்கினேன். அவன் திரும்பி என் கழுத்தைப் பிடித்துப் பீரோவோடு சேர்த்து அழுத்தினான். இடது கை என் கழுத்தில், வலது கை பீரோக் கதவின் விளிம்பில். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் தோளுக்குப் பின்னால் மணிமொழி சமையலறைக்குத் தவழ்ந்து போவதும், எழுந்து வருவதும் மங்கலாகத் தெரிந்தது. அவள் இடது கையில் அம்மிக்குழவி.

கதவின் மேலிருந்த கை மீது அதை இறக்கினாள். எலும்பு நொறுங்கியது எனக்கும் கேட்டது. அவன் என்னை விட்டுவிட்டுக் கத்தினான். இரண்டாவது அடி முழங்காலில். கீழே விழுந்தான். விழுந்தவனின் அதே கையில் மூன்றாவது அடி, நாலாவது அடி. பிறகு குழவியை அவன் தலைக்கு மேலே தூக்கினாள்.

"தலை வேணாம் மணி!" என்று கத்தினேன்.

அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்க அவனையே பார்த்தாள்.

"ஆமா. தலையில அடிச்சா இவனுக்கு மறந்து போயிடும்" என்று குழவியைக் கீழே போட்டாள். "ஞாபகம் இருக்கட்டும்."

அப்போது இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. அவளுடையது பையிலிருந்து, அவனுடையது சட்டைப் பையிலிருந்து. பதினோரு மணி, சேத்தியாத்தோப்பு, வக்கீல்.

நான் வைத்ததை நான்தான் எடுக்க வேண்டும். அவன் போனை உருவி முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை. வியர்வையும் கண்ணீரும் சளியுமாக இருந்த அந்த மூஞ்சி போனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் துண்டாலேயே துடைத்துவிட்டேன். "கண்ணத் தொறடா" என்றேன். திறந்தான். போனும் திறந்தது. அவள் கணக்கைத் தேடி நீக்கு என்று அழுத்தினேன். வியாழன் கட்டம் காலியாயிற்று. அவளுடைய பாஸ்வேர்டையும் அங்கேயே மாற்றினேன்.

வெளியே விஜயலட்சுமி படியருகே நின்றிருந்தாள். "உள்ள என்னா சத்தம்?" என்றாள்.

"அண்ணன் வுழுந்துட்டாரு. ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போடுங்க. உங்களுக்குத்தான் போன் போட நல்லா வருமே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வக்கீல் ஆதிலட்சுமிக்குப் போன் போட்டோம், கடலூருக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, "போலீஸ் கேட்டா நான்தான் அடிச்சேன்னு சொல்லிடு. உனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இருக்காதே" என்றேன். பஸ் வடலூர் தாண்டும்போது அவள் போனை எடுத்து இடது கட்டைவிரலால் எழுத ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் தடுக்கக் கை நீட்டினேன். அப்புறம்தான் இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று உறைத்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

'வியாழன், பதினோரு மணி. அவன் கையை ஒடச்சது நான். மலர் அக்கா இல்ல. நான்.'

ஒரு முறை மட்டுமா, திரும்பவும் நினைவூட்டவா என்று போன் கேட்டது. அவள் தினமும் என்பதை அழுத்தினாள்.