தபாலில் போகாத தேநீர்க் கோப்பைகள்

இது நடந்தது பிப்ரவரியிலா மார்ச்சிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நோரீன் ஸ்டப்ஸ் வாயால் இதை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை அன்று ஆலங்கட்டி மழை பெய்தது, மறுமுறை வெறும் தூறல். மழையை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் நடந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில், அந்தக் குளிரில், நோரீன் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் செத்துப்போனது. வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, கல்யாணப் பரிசாக வந்த தேநீர்க் கோப்பைகளைப் படமெடுத்து இணையத்தில் விலைக்குப் போட்டாள். லவுத் ஊரிலிருந்து திருமதி பின்ச்பெக் என்பவள் நூற்றெண்பது பவுண்டுக்கு வாங்கினாள். பாய்லர்காரன் கேட்டதும் அதே தொகைதான்.

தபாலில் போட நோரீனுக்கு மனம் வரவில்லை. முட்டை ஓடு மாதிரி மெல்லிய பீங்கான். லவுத்துக்கு ஒரே பஸ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் அவள் கையிலேயே கொடுத்தாள். பின்ச்பெக்குக்கு வாயெல்லாம் பல். உடனே பிரித்துக் கழுவி, அந்தக் கோப்பையிலேயே டீ ஊற்றிக் கொடுத்தாள். கூடவே இஞ்சி பிஸ்கட்.

சில நாளில், பணத்தைக் கைமாற்றித் தரும் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. பொருள் வந்து சேரவில்லை என்று பின்ச்பெக் புகாராம். பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். விற்பவருக்கான பாதுகாப்பு வேண்டுமானால், வாங்கியவரின் முகவரியும், கெடுவுக்குள் போட்ட தேதியும் உள்ள தபால் சான்றை அனுப்ப வேண்டும்.

நோரீன் போன் செய்தாள்.

"கையில குடுத்தேன்யா. அந்தக் கப்புலயே டீ குடிச்சேன்."

"புரியுதுங்க மேடம். தபால் சான்று இருக்குங்களா?"

"தபால்ல போட்டாத்தானே இருக்கும்? நானேதான் தபால்காரி!"

"அப்போ அனுப்புனதுக்கு ஆதாரம் இல்லைங்க மேடம்."

"பஸ் டிக்கெட் இருக்கு."

"அதுல அவங்க முகவரி இருக்குங்களா?"

போனை வைத்தாள். பொய் சொன்னவள்மீது வந்த கோபம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் போன்காரன் மரியாதையாகத்தான் பேசினான். அந்த மரியாதையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மீன் ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் கொடுத்தேன் என்று அவள் சொன்னால் கொடுத்ததுதான். எவரும் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் லவுத்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"உன் வீட்டுல டீ குடிச்சவ."

பின்ச்பெக் பாதிக் கதவைத் திறந்தாள். "ஐயோ, நீயா கண்ணு! என்மேல கோவப்படாத. எல்லாம் என் மருமகன் வேலை. சீட்டு எதுவும் இல்லைல்ல, கேட்டா பணம் திரும்பிடும்னான். கம்பெனிதானே குடுக்குது, உனக்கென்ன?"

"கம்பெனி அவங்க அப்பன் வீட்டுலருந்தா குடுக்குது? என் பணத்தை எடுத்துத்தான் உனக்குக் குடுக்கும். புகாரை வாபஸ் வாங்கு. இல்லைன்னா கப்பைத் திருப்பிக் குடு."

"எந்தக் கப்பு?" என்றாள் பின்ச்பெக் நிதானமாக. "எனக்குத்தான் ஒண்ணும் வந்து சேரலையே."

கதவு சாத்திக்கொண்டது.

வாசல் பூச்செடி வரப்பில் பதித்திருந்த செங்கற்களில் ஒன்று பெயர்ந்து கிடந்தது. நோரீன் அதை எடுத்தாள். கை தானாக ஓங்கியது. ஜன்னலுக்குப் பின்னால், அலமாரியில், அவளுடைய கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு செங்கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள்.

தபால் கவுன்ட்டரில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, செங்கல்லை உள்ளே வைத்து ஒட்டி, பின்ச்பெக்கின் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"உள்ள என்ன?" என்றான் கவுன்ட்டர்காரன்.

"செங்கல்."

அவன் பெட்டியைத் தராசில் வைத்தான். "பேட்டரி, சென்ட்டு, தீப்பிடிக்கிற சாமான் ஏதாவது?"

"செங்கல்லுல ஏதுப்பா பேட்டரி?"

"கேட்டே ஆகணும் கண்ணு, விதி அப்படி. விலை ஒசந்த பொருளா?"

"அவ தோட்டத்துக் கல்லு. அவளைத்தான் கேக்கணும்."

"சான்று வேணுமா?"

"அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

சீட்டில் முகவரி இருந்தது, தேதி இருந்தது. உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. பஸ் நிறுத்தத்திலேயே அதைப் படமெடுத்து அனுப்பினாள். கெடு இன்னும் முடிந்திருக்கவில்லை. பஸ் கிரிம்ஸ்பிக்குள் நுழைவதற்குள் பதில் வந்துவிட்டது: உங்கள் சான்று ஏற்கப்பட்டது, பணம் உங்களுக்கு விடுவிக்கப்படும், ஒத்துழைப்புக்கு நன்றி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன்காரனை மறுபடி கூப்பிட்டாள்.

"நான் சொன்னப்போ உங்களுக்குக் காது கேக்கல. இப்போ செங்கல்லு சொன்னா கேக்குதா?"

"வேற ஏதாவது உதவி வேணுங்களா மேடம்?"

நோரீன் போனைத் துண்டித்தாள்.

பாய்லர் இப்போது ஓடுகிறது. செங்கல்தான் வந்தது என்று பின்ச்பெக் இரண்டாவது புகார் கொடுத்தாள். முடிந்துபோன வழக்கு என்று கம்பெனி அதைத் தள்ளிவிட்டது. கோப்பைகள் பின்ச்பெக்கிடமே இருக்கின்றன. மருமகன் ஸ்கன்தார்ப் ஊருக்கு வேலைக்குப் போனான். நோரீன் அதன் பிறகு இணையத்தில் எதையும் விற்கவில்லை.